கிராக்கி எது, தேவை எது?

(பரவையில் உழைக்கும் பெண்கள் கூட்டத்தில் பேசியது)



ஜவுளிக்கடை முதலாளியிடம் வியாபாரம் எப்படி என்று கேளுங்கள். பெண்களின் ரசனை நாளுக்கொரு விதமாக மாறுகிறது, எந்த ரகத்துக்குக் கிராக்கி வரும் என்று சொல்லவே முடியவில்லை என்பார். போன தீபாவளிக்கு வந்த ரகம் இந்தத் தீபாவளிக்குத் தள்ளுபடிக் குவியலில் கிடப்பதும் மெய்தான். விளக்குத்தூண் பக்கம் ஒரு நடை போய் வந்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

நாம் பேச வந்தது அந்தக் கிராக்கியைப் பற்றி அல்ல. பரவை மார்க்கெட்டில் விடியுமுன்பே மூட்டை பிரித்துக் காய் பொறுக்கும் பெண், மில்லில் ரிங் பிரேமைச் சுற்றி ஷிப்டு முழுதும் நடந்துகொண்டே இருக்கும் பெண், வயலில் இடுப்பொடிய நாற்று நடும் பெண், இவர்களுக்கு என்ன துணி வேண்டும்? மாற்றிக் கட்ட நாலு புடவை. அவற்றுக்கு ரவிக்கை. நாடா அறுந்து போகாத நூல் உள்பாவாடை இரண்டு மூன்று. உள்ளாடை. வீட்டில் போட ஒரு நைட்டி. மாதவிலக்கு நாட்களுக்கு நாப்கின். முன்வரிசையில் ஆண் தோழர்கள் சிலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். இதையெல்லாம் பொதுக்கூட்டத்தில் பேசலாமா என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. பேசலாம். அரிசி விலையையும் மண்ணெண்ணெய் விலையையும் பேசும் மேடையில் உள்பாவாடை விலையை ஏன் பேசக்கூடாது?

எந்த ஃபேஷன் வந்தாலும் போனாலும் இந்தப் பட்டியல் மாறுவதில்லை. ஆனாலும் இதற்குக் கிராக்கி இருப்பதாக எந்த வியாபாரியும் சொல்வதில்லை. காரணம் என்ன? தேவை வேறு, கிராக்கி வேறு. கையில் காசோடு வருகிற தேவைக்குத்தான் சந்தையில் கிராக்கி என்று பெயர். காசில்லாத தேவையை எந்தக் கடையின் கணக்குப் புத்தகமும் எழுதி வைப்பதில்லை. 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 336 ரூபாய். அளவெடுத்த பிறகு அதுவும் முழுசாகக் கைக்கு வந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நல்ல உள்பாவாடை அரை நாள் கூலியைத் தின்றுவிடும். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமா, தனக்கு உள்பாவாடையா என்ற கேள்வி வந்தால் தாய் எதைத் தள்ளிப் போடுவாள்? இப்படித் தள்ளிப் போட்டதைத்தான் அவர்கள் "கிராக்கி இல்லை" என்கிறார்கள்.

இதற்கு ஒரு சாட்சி வேண்டுமா? நடவு நேரத்தில் எந்த வயலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். புடவைக்கு மேலே புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை. வெயிலுக்கும் அதுதான், சேற்றுக்கும் அதுதான், கரும்புச் சோகை கையை அறுக்காமல் இருக்கவும் அதுதான். தமிழ்நாடு முழுதும் லட்சக்கணக்கான பெண்கள் உடுத்துகிற உடை இது. பெண்ணின் உடம்புக்குத் தக்கபடி, நூல் துணியில், பையோடு ஒரு வேலைச் சட்டை தைத்து எந்த ஜவுளிக்கடை விற்கிறது? புடவைக்கு ஆயிரம் பெயர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சட்டைக்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லை.

சட்டை போட்ட பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் உண்டு. கீழத்தஞ்சையில் விவசாயக் கூலிகளைத் திரட்டிய நம் மணலூர் மணியம்மை, தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு வேட்டியும் சட்டையுமாகத்தான் சேரிக்குச் சேரி நடந்தார். 1953-இல் அவர் மறைந்தார். பண்ணையார்கள் அந்த உடையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பயந்தார்கள்.

உழைக்கும் பெண் என்ன உடுத்தலாம் என்பதை அவளே முடிவு செய்ய இந்த நாட்டில் என்றைக்கு விட்டார்கள்? திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் பெண்கள் அடி வாங்கினார்கள், அவர்களுடைய ரவிக்கையைச் சந்தையில் கிழித்தார்கள். பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859-இல் மகாராஜா உத்தரவு போட்டார். மாரை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரியில் மட்டும் உடுத்தக் கூடாது என்றது அந்த உத்தரவு! தூரத்து ஊர்க் கதை என்று எண்ணிவிடாதீர்கள். நமக்குப் பக்கத்து ராமநாதபுரத்தில் 1930-இல் ஆதிக்க சாதியினர் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது என்பவை அவற்றில் சேர்ந்தவை. இன்று ரவிக்கை சாதாரண விஷயம். அதைச் சாதாரண விஷயமாக்க எத்தனை பேர் உதைபட்டார்கள் என்பதை நாகரிகம் கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் புலம்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூல் புடவையை விட்டுப் பாலியெஸ்டருக்குப் போய்விட்டார்கள், கைத்தறியைக் கொன்றவர்கள் பெண்கள்தான் என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இது அநியாயமான பேச்சு. பாலியெஸ்டர் புடவைக்குக் கஞ்சி போட வேண்டாம், இஸ்திரி வேண்டாம். குழாயடியில் குடத்தோடு காத்துக் கிடப்பவளுக்குத் தண்ணீர் மிச்சம். ராத்திரி அலசிப் போட்டால் காலை ஷிப்டுக்குக் காய்ந்துவிடும். சாயம் போகாமல் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இதையெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் அவள் வாங்குகிறாள். அதே புடவை ரிங் பிரேம் புழுக்கத்தில் உடம்போடு ஒட்டுகிறது, அடுப்பில் தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

நூல் புடவையை அவளுக்கு எட்டாமல் ஆக்கியது யார்? 2022 மே மாதத்தில் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. பதுக்கலும் சூதாட்ட வியாபாரமும் நடந்தபோது சர்க்கார் வேடிக்கை பார்த்தது. கைத்தறிக்கு 22 ரகங்களை ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது. பிறகு அது 11 ரகமாகச் சுருங்கியது. சுருக்கியவர்கள் பெண்களா? நம் மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் புடவை, நம் வெயிலுக்கென்றே பிறந்தது. 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு புடவையில் ஆயிரக்கணக்கான முடிச்சுகளை வீட்டிலிருந்து கையால் போடுகிற பெண்ணுக்கு அந்தப் புடவையை வாங்கும் கூலி கிடைக்கிறதா? கடையில் சுங்குடி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி அச்சடித்த துணிதான்.

வாங்குகிறவள் கதை இது. தைக்கிறவள் கதை இன்னும் கொடியது. ஐரோப்பாவில் ஃபேஷன் மாறினால் திருப்பூரிலும் திண்டுக்கல்லிலும் தையல் மிஷினின் வேகம் மாறுகிறது. புது டிசைன், குறைந்த கெடு, மணிக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கு, அதை முடிக்காவிட்டால் சூப்பர்வைசரின் வசவு. திண்டுக்கல் மாவட்டத்தில் இருபது வயதைச் சுற்றியிருந்த ஒரு தலித் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். குற்றம் சாட்டப்பட்டவன் அவளுடைய சூப்பர்வைசர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம் விடாமல் போராடியதால் 2022-இல் எச் அண்டு எம் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளே கையெழுத்திட்டு, பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஃபேஷன் உலகத்தின் முதலாளிகளை நம் பக்கத்து மாவட்டத்து இளம் பெண்கள் மேசைக்கு இழுத்தார்கள் என்பதை நம் மில் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

போராடினால் கிடைக்கிறது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதம் வரி போட்டார்கள். நாடெங்கும் மாதர் ஸ்தாபனங்கள் எழுப்பிய எதிர்ப்பில் 2018 ஜூலையில் அந்த வரி போயிற்று. துணிக்கும் அதையே கேட்போம். 2025 செப்டம்பரில் மாற்றியமைத்த விகிதப்படி 2500 ரூபாய் வரையுள்ள உடைக்கெல்லாம் ஒரே 5 சதம். கூலிக்காரப் பெண் வாங்கும் 200 ரூபாய் நைட்டியும் இரண்டாயிரத்துச் சொச்சம் சுடிதாரும் இவர்கள் தராசில் ஒரே எடை!

1983-இல் துவங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தில் பொங்கலுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் சேலைகள் நெய்யப்பட்டு வந்திருக்கின்றன. அது தறிக்கு வேலை, ஏழைக்குத் துணி. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது கட்டிக்கொள்ளும் சேலையாக இருக்க வேண்டும், பொங்கலுக்கு முன்னால் வர வேண்டும், கூட ஒரு ரவிக்கைத் துணியும் நூல் உள்பாவாடையும் வேண்டும் என்கிறோம். கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் வயல் பெண்களுக்கு வேலைச் சட்டை தைத்து அடக்க விலைக்குத் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் கூலி உயர வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பட்டியல் அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும்.

மனு எழுதக் கணக்கு வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் மாதர் சங்கத் தோழர்கள் பரவையில் தெருத் தெருவாக, வீடு வீடாக வருவார்கள். உங்களிடம் என்ன துணி இருக்கிறது, எது கிழிந்தது, கடைசியாக உங்களுக்கென்று எப்போது வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். புடவை எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள், ஒட்டுப் போட்ட உள்பாவாடையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆண் தோழர்கள் அந்த நேரத்தில் டீக்கடைக்குப் போய்விட்டால் நல்லது.