வெள்ளைக் குதிரை வாங்கலாமா?
(சிட்லபாக்கத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கால்நடை மருத்துவன் என்பதால் குதிரையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சிட்லபாக்கத்துல ஏதுய்யா குதிரை என்று சிரிக்காதீர்கள். ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், வெள்ளைக் குதிரையைச் சுற்றி எவ்வளவு கூட்டம் என்று. கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளைதான் கேட்கிறார்கள். ஒரு வெள்ளைப் பெட்டையை வாங்கினால் வருஷா வருஷம் வெள்ளைக் குட்டி போடும், கடனை அடைச்சிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. குதிரைக்குச் சினைக்காலம் 11 மாசம், ஈத்துக்கு ஒரே குட்டி. கணக்கு தப்பினால் ஒரு வருஷத் தீனி போச்சு.

மெண்டலின் பட்டாணியை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். குதிரை ரோமத்தில் சாயம் இரண்டே, கறுப்பும் சிவப்பும். கறுப்பை உண்டாக்கும் மரபணு ஓங்கியது. அது இரண்டு பக்கமும் ஒடுங்கியதாக வந்தால் உடம்பு முழுக்கச் செவலை, ரேஸ்காரர்கள் சொல்லும் 'செஸ்ட்நட்'. செவலைக்கும் செவலைக்கும் கறுப்புக் குட்டி பிறந்ததென்றால், அப்பன் யாருன்னு விசாரிக்கணும்! இன்னொரு மரபணு கறுப்பைப் பிடரி, வால், கால்களுக்கு ஒதுக்கிவிடும். அதுதான் 'பே'.

இதற்கெல்லாம் மேலே உட்கார்ந்திருப்பது 'கிரே' மரபணு. நாம் வெள்ளை என்று நினைக்கிற குதிரைகளில் பெரும்பாலானவை இந்த ரகம். பிறக்கும்போது செவலையோ கறுப்போ இருக்கும், வருஷத்துக்கு வருஷம் நரைத்து வெளுக்கும். தோல் மட்டும் கறுப்பாகவே நிற்கும். காரணமான மரபணு மாற்றம் 2008-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு பிரதி இருந்தாலே நரைக்கும். அங்கேதான் சிக்கல். ஒரு பிரதி மட்டும் உள்ள பெட்டையைச் செவலை ஆணோடு சேர்த்தால், ஒவ்வொரு ஈத்தும் காசு சுண்டுகிற மாதிரி. தொடர்ந்து மூன்று செவலைக் குட்டி வரலாம், விற்றவன் ஏமாற்றினான் என்று சண்டைக்குப் போகவும் செய்வார்கள்.

ஆகவே வாங்குமுன் அதன் தாய் தகப்பனைக் கேளுங்கள். இரண்டில் ஒன்று நரைக்காத குதிரையா? அப்போது இதற்கு ஒரே பிரதிதான், சந்தேகமே இல்லை. இரண்டும் கிரே என்றால் இரண்டு பிரதி இருக்கலாம். இருந்தால் எதோடு சேர்த்தாலும் குட்டி நரைக்கும். கறுத்த குட்டி பிறந்ததும் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள், கண்ணைச் சுற்றி நரைமுடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறவியிலேயே வெளுத்து, ரோஜாத் தோலோடு வருவது வேறு கதை. அதற்குக் காரணமான மரபணுக்களும் ஒன்றல்ல. அதில் 'க்ரீம்' மரபணு இரண்டு பிரதி உள்ள நீலக்கண் குதிரையைச் செவலையோடு சேர்த்தால் வெள்ளை வராது. பெரும்பாலும் பொன்னிறக் குட்டிதான்!

கிரே வாங்குபவர் வாலைத் தூக்கிப் பார்க்கவும் மறக்கக் கூடாது. 15 வயசு தாண்டிய கிரேயில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே கறுப்புக் கட்டிகள் வருகின்றன. மெலனோமா என்னும் புற்றுநோய் அது. பல வருஷம் சும்மா கிடக்கும், சிலதில் உள்ளே பரவும்.

இன்று ரோமத்தை வைத்தே மரபணு சோதனை செய்யலாம். வேரோடு பிடுங்கிய முடி வேண்டும், கத்தரித்தது உதவாது. பஞ்சகல்யாணி கேட்பவருக்கு மட்டும் நான் உத்தரவாதம் தரமாட்டேன். நாலு காலிலும் முகத்திலும் வெள்ளை விழுவதில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு, கருப்பையில் நடக்கிற தற்செயலுக்கும் உண்டு. குளோனிங்கில் பிறந்த குதிரைகளுக்கே வெள்ளைக்குறி ஒன்றுபோல் அமைவதில்லை.