ராத்திரி முகத்துக்கு ரெண்டே ஸ்டெப் போதும்

போன வருஷம் அக்கா கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி, முகம் பளிச்சுன்னு ஆகணும்னு ஒரே ராத்திரியில ரெட்டினால், கிளைகாலிக் ஆசிட், வைட்டமின் சி மூணையும் போட்டேன். காலையில முகம் செவந்துபோச்சு, தண்ணி பட்டாலே எரிச்சல். மூணுல எது காரணம்னு கண்டுபிடிக்கவே முடியலை. ஆபீஸ்ல மூணு மாற்றத்தை ஒண்ணா புரொடக்‌ஷனுக்கு அனுப்பினா திட்டுற ஆள் நான்!

தோல் டாக்டர் எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னார். மிஞ்சினது ரெண்டே ஸ்டெப்.

ஒண்ணு, வாசனை சேர்க்காத மைல்டு கிளென்சர். நம்ம தோலோட பிஎச் சுமார் 5. சாதாரண குளியல் சோப்புக்கு 9, 10 வரைக்கும் போகும். அதனாலதான் கழுவினதும் முகம் இழுத்துப் பிடிக்குது. சுடுதண்ணி வேண்டாம், துண்டால தேய்க்காம ஒத்தி எடுங்க.

ரெண்டு, ஈரம் முழுசா காயறதுக்குள்ள செராமைடு இருக்கிற மாய்ஸ்சரைசர்.

புதுசா எதையாவது சேர்க்கணும்னா ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு. முதல்ல முழங்கையோட உள்பக்கம் ஒரு வாரம் தடவிப் பாருங்க. அரிப்பு, சிவப்பு இல்லைன்னா மட்டும் முகத்துக்கு. டாக்டர் எழுதித் தராத ஸ்டீராய்டு கிரீம் பக்கமே போகாதீங்க. முதல்ல பளிச்சுன்னு காட்டும், போகப்போக தோல் மெலிஞ்சுடும்.

கல்யாண போட்டோல என் மூக்கோரம் இன்னும் சிவப்புதான். எடிட் பண்ண அக்கா விடமாட்டேங்குறா. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!