புதிதாய் வகுப்பேற்போர்க்கு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்த இவ்வாண்டு நால்வர் புதிதாய் முன்வந்துள்ளனர். நால்வரும் அலுவலகத்தில் பணிபுரிவோர். ஆசிரியப் பயிற்சி பெற்றவரல்லர். யாமும் அவ்வாறு தொடங்கியவரே. ஆகையால் அவர்க்குச் சில சொல்லும் உரிமை எமக்குண்டு என நம்புகிறோம்.

முதல் நாளில் எவரையும் அச்சுறுத்துவது இரைச்சல். யாமும் மேசையைத் தட்டினோம், குரலை உயர்த்தினோம். எம் குரல் உயர உயரப் பிள்ளைகளின் குரலும் உயர்ந்ததே கண்ட பயன். பின்னரே இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று பார்க்கலானோம். தில்லியில் இந்தி பயிலும் பிள்ளை, ககர வரிசையில் நான்கு ஒலிக்கு நான்கு எழுத்துக் கண்டு பழகியவன். தமிழிலோ ஒரே ககரம் ‘கடல்’ என்பதில் ஒருவிதமாகவும், ‘தங்கம்’ என்பதில் வேறுவிதமாகவும், ‘மகன்’ என்பதில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது. படிக்க முயன்று தோற்றவன் அடுத்தவனைக் கிள்ளுகிறான். அதைக் குறும்பென்று கொண்டோம்! சொல்லின் முதலில் வல்லோசை, மெல்லெழுத்தை அடுத்தும் உயிர்களின் இடையிலும் மென்மை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டிய பின் கிள்ளுதல் பெரிதும் குறைந்தது.

வினாவெழுப்பினால் காத்திருங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 1970களில் எழுதினார்: ஆசிரியர் விடைக்குக் காத்திருப்பது ஏறத்தாழ ஒரு நொடியே, மூன்று நொடி பொறுத்தால் விடைகள் நீளும், வாய்திறவாப் பிள்ளையும் பேசும். இந்தியில் நினைத்துத் தமிழில் மொழியும் நம் பிள்ளைகளுக்கு அதனினும் சற்றுக் கூடவே வேண்டும்.

தண்டனை குறித்து விரிக்க வேண்டுவதில்லை. உடலை வருத்துவதையும் உள்ளத்தைத் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு விலக்கியுள்ளது. அது பள்ளிகளுக்குரிய சட்டம். நம் மன்றத்துக் கூடத்தைத் தேடி வாராது.

பிரம்பை யாம் எடுத்ததில்லை. ஆனால் ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்று படித்த சிறுவனை எழுந்து நின்று மும்முறை சொல்லச் செய்தோம். வகுப்பு நகைத்தது, யாமும் நகைத்தோம். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை, பின்னரும் வரவில்லை. பெற்றோர் பெருந்தன்மையால் ஒன்றும் கேட்டிலர். இன்று அவன் தன் பாட்டியிடம் இந்தியிலேயே பேசுகிறானாம். பாட்டிக்கோ இந்தி தெரியாது.

அவன் தங்கை இவ்வாண்டு நம் வகுப்பிற் சேர்ந்திருக்கிறாள். நால்வருள் எவர் அவளை ஏற்பினும், ழகரத்துக்கு விரையாதிருக்க வேண்டுகிறோம்.