முதலில் பட்டியலைக் கேளுங்கள்
(தோட்ட மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"ரெண்டு தோட்டத்துக்கும் இனிமே ஒரே ஸ்டோருதானாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் அன்றிரவு லயத்தில் யாருக்கும் தூக்கம் வராது. கொழுந்து லொறி ஏறி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். ரோலரில் நின்ற அண்ணன், தூள் சலித்த அக்கா எங்கே போவது? கொழுந்து போதாத ஸ்டோரை ஓட்டினால் விறகும் கரண்டும் வீண் என்று துரைமார் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை மறுக்க வேண்டாம். மிச்சம் பிடிப்பது யாருடைய பேரிலே என்பதுதான் நம் கேள்வி.

இது நமக்கு மட்டும் வந்த வினையல்ல. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில், பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சபைகள் வேலைகளைப் பகிர்ந்து செய்வதற்கு 2007இல் ஒரு சட்டம் வந்தது. அரச சேவை விதிகளுக்கு உட்பட்ட சபைகள் அப்படிச் சேரும்போது, யார் மற்றச் சபைக்கு மாறுவார், யார் இங்கேயே இருப்பார், யார் நிற்க வேண்டிவரும் என்று முன்கூட்டியே எழுதவேண்டும். நிறுத்தப்படுபவருக்கு ஐந்து வருட சேவைக்கு ஒரு மாதச் சம்பளமாவது கொடுக்கவேண்டும். பணம் பெரிதில்லை. பட்டியல் முதலில் வருகிறதே, அதுதான் பெரிது.

நம் நாட்டிலும் காவல் உண்டு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பனித் தோட்டத்தில் ஆட்குறைப்பு என்று சொல்லி ஒருவரை நிறுத்த, அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அது செல்லாது. ஆனால் பிரதேச சபையிலும் நகர சபையிலும் துப்புரவு வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் நியமனக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

சம்மதம் என்றேனே, அங்கேதான் ஏமாறுகிறோம். "சும்மா ஒரு கையெழுத்து போடும்மா" என்று நீட்டுவார்கள். அதிலே 'சுயவிருப்பில் விலகுகிறேன்' என்று எழுதியிருக்கும். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்.

ஓய்வுக்குப் போகிறவர் இடத்தை நிரப்பாமல் விட்டாலே சில ஸ்டோர்களில் ஒருவரையும் நிறுத்த வேண்டிவராது. அதைத் தலைவர்மார் எடுத்துச் சொல்லலாம். மலைக்கு மாற்றினாலும், அடுத்த தோட்டத்து இராவேலைக்கு அனுப்பினாலும், போகவர வாகனம் யார் தருவது, பழைய சேவைக்காலம் சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்தவருக்குச் சேவைக்காலப் பணம் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்பது கணக்கு. உங்களுக்கு எத்தனை வருடம் என்று செக்ரோலில் இருக்கிறதோ அதை இந்த மாதமே கேட்டு எழுதி வையுங்கள்.