சிக்கெடுத்தால் போதும்

புனேயின் ஹடப்சர் என்றதும் பூனை ஞாபகம் வரும்படி செய்துவிட்டது 2025 பிப்ரவரியில் வந்த ஒரு செய்தி. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே வீட்டுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட பூனைகள். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, புனே மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்தது. இன்றைய பேச்சு அதற்கு நேர்மாறான வீட்டைப் பற்றியது. அதே ஹடப்சரில், மகர்பட்டா பக்கமோ அமனோரா பக்கமோ, ஒரே ஒரு பூனை வளரும் வீடு. ஆனால் அந்த ஒன்று மெய்ன் கூன் என்ற நீள்முடி இனத்து எட்டுக் கிலோ பூனை. ஏப்ரல் பிறந்ததும் அந்த வீட்டில் ஒரு பேச்சு எழும்: "பாவம், இவ்வளவு முடியோட வேகுதே, மழிச்சு விட்டுடலாமா?" வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், பனி கொட்டும் மெய்ன் மாநிலம்தான் இந்தப் பூனைக்குப் பிறந்த வீடு. 1985-இல் அந்த மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வப் பூனையாகவே அறிவித்துவிட்டது. ஆண் பூனை ஆறு முதல் எட்டுக் கிலோ இருக்கும், சில அதையும் தாண்டும். முழு வளர்ச்சிக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடம் எடுத்துக்கொள்ளும். இத்தாலியில் பாரிவெல் என்ற மெய்ன் கூனை 2018-இல் அளந்தபோது மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை 120 சென்டிமீட்டர். நாலு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசையின் நீளம் அது! தண்ணீர் சட்டென்று இறங்காத மேல்முடி, அதன் கீழே பஞ்சுபோன்ற அடிமுடி. தோளில் குட்டை, வயிற்றிலும் தொடையிலும் நீளம். பனியில் நடக்கத் தோதாக விரல் இடுக்கில்கூட முடி. புனே வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றுவது நியாயம்தான்.

ஆனால் முடி சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு கடந்து போவதையும் வருவதையும் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஐஸ்கட்டியைச் சாக்குப் போட்டு, மரத்தூள் கொட்டி மூடுவார்களே, அது ஐஸைச் சூடாக்கவா? பூனையின் உடம்புச் சூடு 38-க்கும் 39-க்கும் இடையில். ஹடப்சரில் மே மாதத்து மதியம் 40-ஐத் தொடும்போது, வெளிக்காற்றுதான் பூனையைவிடச் சூடு. அந்த வேளையில் பால்கனியில் படுத்திருக்கும் பூனைக்கு முடி ஒரு குடை. மழித்துவிட்டால் மெல்லிய தோல் நேரே வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. "பூனை பால்கனியிலா கிடக்கிறது? வீட்டுக்குள் முப்பது, முப்பத்திரண்டு டிகிரிதான். அங்கே முடி இல்லாவிட்டால் சூடு வெளியே போகுமல்லவா?" போகும், மறுக்கவில்லை. அதற்குச் சான்றுகூட இருக்கிறது. சயாமியப் பூனையின் வெளிர் முதுகில் ஓரிடத்தை மழித்தால் அங்கே முளைக்கும் முடி கறுத்து வரும். அந்த இனத்தில் நிறத்தை உண்டாக்கும் நொதி குளிர்ந்த தோலில்தான் வேலை செய்யும். அதனால்தான் அதன் காதும் மூக்கும் வாலும் கறுப்பு. ஆக, மழித்த தோல் குளிர்கிறது என்பது உண்மை. கேள்வி, அந்தக் குளிர்ச்சி பூனைக்குத் தேவையா என்பது. பூனை தன் உடம்புச் சூட்டைக் காக்கத் தனியாகப் பாடுபட வேண்டியிராத காற்று வெப்பம் சுமார் 30 முதல் 38 டிகிரி என்கின்றன கால்நடை நூல்கள். நமக்கு வியர்க்கும் முப்பத்திரண்டு அதற்குச் சுகம். நீள்முடிப் பூனைக்கு இந்த எல்லை கொஞ்சம் கீழே இறங்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து உதிர்ந்த அடிமுடியை வெளியே எடுப்பது. மே மாதம் மழித்த நீள்முடி பழையபடி வளரப் பல மாதம் பிடிக்கும். அதற்குள் மழை போய், புனேயின் டிசம்பர் இரவு பத்து டிகிரியோடு வந்து நிற்கும்.

"மழித்த அன்றே துள்ளி விளையாடியது" என்பார்கள் அனுபவசாலிகள். துள்ளியிருக்கும். சிக்குப் பிடித்த முடி ஒவ்வொரு அடிக்கும் தோலைப் பிடித்து இழுக்கும். இறுக்கமாகப் பின்னிய சடையோடு நாள் முழுக்க இருந்த பெண்களுக்கு அந்த வலி தெரியும். அந்த இழுப்பு போன நிம்மதியை நாம் வெயில் தணிந்ததாகக் கணக்கெழுதிவிடுகிறோம்.

ஆகவே சிக்குத்தான் எதிரி. என் நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிக்கு விழும் இடங்கள் எப்போதும் அவையேதான்: காதுக்குப் பின்னால், முன்கால் இடுக்கு, வயிறு, பின்தொடை, வாலின் அடி. முதுகை மட்டும் பளபளவென்று சீவிவிட்டு அடியில் கம்பளம் வளர்ப்பவர்கள் ஏராளம். நம் பாட்டிமார் சிக்குக்கோலால் ஈரத்தலையைக் கோதியது நினைவிருக்கிறதா? இங்கே ஈரம் ஆகாது. சிக்கோடு குளிப்பாட்டினால் முடிச்சு இறுகும். அகலப் பல் வைத்த எஃகுச் சீப்பை எடுத்து, முடியின் அடியை விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மெல்ல மேலே வாருங்கள். இறுகிய முடிச்சில் சிட்டிகை கார்ன்ஃப்ளார் தூவினால் வழுக்கும். கத்தரிக்கோல் மட்டும் வேண்டவே வேண்டாம், முடிச்சுக்குள் தோல் மடிந்து ஏறியிருக்கும். கம்பளிபோல் திரண்டுவிட்டதா? அப்போது கால்நடை மருத்துவர் மெஷின் வைத்து எடுக்கட்டும். மழிக்கலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான். ஆசனவாயைச் சுற்றிக் கொஞ்சம் குறைத்துவிடுவதும் தப்பில்லை.

"ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்?" தினம் பத்து நிமிடம். ஜூனில் மழை வந்ததும் அந்தப் பத்து நிமிடத்துக்கு இன்னொரு வேலை சேரும். ஈரம் தங்கிய நீள்முடிக்குள் படர்தாமரை ஒளிந்துகொள்ளும், அது மடியில் வைத்துக் கொஞ்சும் குழந்தைக்கும் ஒட்டும். சீவும் கைக்கு வட்டமான சொட்டை முதலில் தட்டுப்படும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மின்விசிறி நம்மைக் குளிர்விப்பது நமக்கு வியர்ப்பதால். பூனைக்குப் பாதத்தில்தான் வியர்வை, மற்றபடி தன்னை நக்கிய எச்சில் ஈரம்தான். அதனால் ஈரத்துணியால் காதையும் பாதத்தையும் துடைத்துவிட்டு விசிறியைப் போடுங்கள். மகர்பட்டாவில் இரவு வெப்பம் புனேயின் இன்னொரு பகுதியான சிவாஜிநகரைவிடக் கூடுதலாகப் பதிவாவது வழக்கம், ஆகவே இரவுக்கும் வெறும் டைல்ஸ் தரை விட்டுவையுங்கள். வாயைத் திறந்து நாய்போல் மூச்சு இரைத்தால் சீப்பைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். காரணம் வெயிலாக மட்டும் இருக்க வேண்டியதில்லை; இந்த இனத்தில் இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய் உண்டு. அதற்கான ஒரு மரபணுப் பிழையை 2005-இல் கண்டுபிடித்தார்கள். குட்டி வாங்கும்போதே பெற்றோர்ப் பூனைகளின் பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள். காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்தால், பத்தாவது மாடிக் கொசுவலை எட்டுக் கிலோவைத் தாங்காது, கம்பிவலை போடுங்கள்.

நேரமாகிவிட்டது. இன்று ராத்திரி அது உங்கள் பக்கத்தில் வந்து படுக்கும்போது, காதுக்குப் பின்னால் ஒரு விரலை விட்டுப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.