புள்ளி எரிந்தால் போதுமா?

(சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை 'மலரும் நினைவுகள்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். ஆனால் காலையில் டீ குடிக்கும்போது இரண்டாமாண்டு மாணவி ஒருவர் வந்து ஒரு லென்ஸைக் காட்டினார். "சார், இது எங்க தாத்தாவோடது. கையால திருப்பி ஃபோகஸ் பண்றது. இதை ஆட்டோஃபோகஸ் பிலிம் கேமராவுல மாட்டலாமா? ஃபோகஸ் சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நின்றுகொண்டே பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வி இல்லை அது. அதனால் தலைப்பை மாற்றிக்கொள்கிறேன். தலைவர் பொறுத்தருள வேண்டும்.

நான் 1978 முதல் 1981 வரை இங்கே பௌதிகம் படித்தவன். ஒளியியல் நடத்திய எங்கள் பேராசிரியரே மாலையில் நிழற்படக் குழுவையும் நடத்துவார். அவர் மூட்டிவிட்ட ஆசையில், வேலைக்குப் போன பிறகு சீட்டுப் பணம் எடுத்து நிக்கான் 105 மி.மீ., எஃப் 2.5 லென்ஸ் ஒன்று வாங்கினேன். அப்போது என்னிடம் இருந்த பாடியில் வியூஃபைண்டர் நடுவே ஒரு வட்டம் இருக்கும். ஃபோகஸ் விலகியிருந்தால் அதற்குள் முகம் இரண்டு துண்டாகத் தெரியும். துண்டுகள் சேர்ந்தால் சரி.

நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வந்தது. துண்டு சேர்ந்ததா இல்லையா என்று எனக்கே சந்தேகம். லென்ஸை விற்க மனசு வரலை. 2003-ல் பழைய எஃப்-801 பாடி ஒன்று வாங்கினேன்.

1985-ல் மினோல்டா 7000 வந்ததும் ஆட்டோஃபோகஸ் காலம் பிறந்தது. மினோல்டாவும், 1987-ல் கேனனும் லென்ஸ் மாட்டும் வாயையே மாற்றிக்கொண்டன. நிக்கான் 1959-ல் வைத்த வாயையும், பென்டாக்ஸ் 1975-ல் வைத்த வாயையும் விடவில்லை. அதனால்தான் 1988-ல் வந்த எஃப்-801-இல் என் பழைய லென்ஸ் பொருந்தியது.

ஃபோகஸ் சரி என்று கேமரா எப்படிக் கண்டுபிடிக்கிறது? லென்ஸின் இரண்டு ஓரங்கள் வழியாக வரும் ஒளியை, கேமராவின் அடியில் உள்ள சென்சார் இரண்டு பிம்பங்களாகப் பிடித்து ஒப்பிடுகிறது. விலகல் எந்தப் பக்கமோ அதற்கேற்ப அம்புக்குறி காட்டும். சரியானதும் புள்ளி எரியும். லென்ஸைத் திருப்புவது மோட்டாரா, நம் விரலா என்பது சென்சாருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். லென்ஸின் முழுத் திறப்பு எஃப் 5.6 அல்லது அதைவிடப் பெரிதாக இருந்தால் போதும். ஆட்டோஃபோகஸ் பாடிகளில் அந்தப் பிளவு வட்டம் பொதுவாக இருக்காது என்பதால் இந்தப் புள்ளிதான் நமக்குத் துணை.

இனி என் கதை. அதே 2003-ல் ஓய்வுபெற்ற பேராசிரியரை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் படம் எடுத்தேன். ஒன்றரை மீட்டர் தூரம், எஃப் 2.5 முழுத் திறப்பு. புள்ளி எரிந்தது, தட்டினேன். ஒரு ரோல் முழுக்க அப்படியே. பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "காது அருமையா வந்திருக்குடா. கண்ணு எங்கே?" என்றார்.

எனக்கு முகமே செத்துப்போச்சு. அந்த லென்ஸில், அந்தத் தூரத்தில், முன்னும் பின்னும் சேர்த்துத் தெளிவாக விழுவது ஏறக்குறைய 3 செ.மீ. மட்டுமே. நடுக்கட்டம் அவருடைய காதோரத்தில் இருந்திருக்கிறது. புள்ளி பொய் சொல்லவில்லை. கட்டத்துக்குள் இருப்பது தெளிவு என்றுதான் அது சொன்னது. எது தெளிவாக வேண்டும் என்று நான்தான் சொல்லவில்லை.

அன்றைக்கு அவர் திண்ணையிலேயே நடத்திய பாடத்தையும், பிறகு நானாகக் கற்றதையும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, பொத்தானைப் பாதி அழுத்தியபடி, கட்டத்தை கேமராவுக்கு அருகில் உள்ள கண் மேல் வையுங்கள். இரண்டாவது, புள்ளி எரிந்ததும் நிறுத்தாதீர்கள். அது கொஞ்ச தூரம் எரிந்துகொண்டே இருக்கும். அணையும் வரை திருப்பி, பிறகு பாதி வழி திரும்பி வாருங்கள். மூன்றாவது, எஃப்-801-இன் சென்சார் செங்குத்தான கோடுகளைத்தான் பிடிக்கும். வெறும் சுவரிலோ, படுக்கைக் கோடுகளிலோ திணறும். கேமராவைத் திருப்பிப் பிடித்து ஃபோகஸ் செய்து, மறுபடி நேராக்குங்கள். நான்காவது, திறப்பு எண் வியூஃபைண்டரில் தெரியாது. லென்ஸ் வளையத்தைப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். 1977-க்கு முந்தைய, மாற்றி அமைக்காத நிக்கான் லென்ஸை அப்படியே மாட்டாதீர்கள். பாடியில் உள்ள சிறு நெம்பு உடையக்கூடும். எஃப்-80 போன்ற பாடிகளில் பழைய லென்ஸுக்குப் புள்ளி எரியும், லைட் மீட்டர் வேலை செய்யாது. தனி மீட்டர் வேண்டும்.

நான்கு மாதம் கழித்து மறுபடி போனேன். அதே திண்ணை, அதே லென்ஸ். "இன்னிக்காவது கண்ணைப் பாருடா" என்று சிரித்தார். திறப்பை எஃப் 4 ஆக்கினேன். கட்டத்தைக் கண் மேல் வைத்தேன். புள்ளியின் இரண்டு எல்லைகளையும் பார்த்து நடுவில் நிறுத்தினேன். ஒவ்வொரு படத்துக்கும் முதலிலிருந்து செய்தேன். ஆறே படம்தான். அதில் ஒன்றில் இமை முடி எண்ணலாம்.

2005-ல் சார் மறைந்தபோது வீட்டார் மாலை போட்டது அந்தப் படத்துக்குத்தான். காது தெளிவாக வந்த படம் இன்னும் என் கேமரா பையில் இருக்கிறது. ஒவ்வொரு ரோல் மாட்டும்போதும் கண்ணில் படும்.

ஆகவே தங்கையே, தாத்தாவின் லென்ஸை மேடைக்கு எடுத்து வாருங்கள். எந்தக் காலத்து லென்ஸ் என்று சேர்ந்து பார்ப்போம். பொருந்தினால் தாத்தாவையே முதல் படம் எடுங்கள். கட்டம் கண் மேல் இருக்கட்டும்.