உச்சவரம்பு மட்டும் போதுமா?

(ஹட்டனில் ஆசிரியர், மருத்துவர், மரக்கறி விவசாயிகள், தோட்டத் தொழிலாளர் கூடியிருந்த கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



ஒரு மனிதன் இவ்வளவுக்கு மேல் சம்பாதிக்கலாகாது என்று நாடு சட்டம் செய்யலாமா? இதுவே இன்று நம்முன் உள்ள வினா. இதனை வெறுங் கற்பனை என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். இந்த இலங்கைத் தீவு ஒருமுறை அச்சட்டத்தைச் செய்தது, நடைமுறைப்படுத்தியும் பார்த்தது. ஆகவே, செய்யலாமா என்று கேட்பதற்கு முன், செய்தபோது என்ன நடந்தது என்று கேட்பதே முறை.

1970ஆம் ஆண்டில் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் நிதி மந்திரி கலாநிதி என். எம். பெரேரா. 1971 ஏப்ரிலில் இளைஞர் கிளர்ச்சி நாட்டை உலுக்கிற்று. அவ்வாண்டு நவம்பரில் அவர் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம், வரி போக ஒருவர் கையில் எஞ்சும் வருமானத்துக்கு மாதம் 2000 ரூபா என்று எல்லை கட்டியது. 1972இல் அது சட்டமாயிற்று. எல்லைக்கு மேற்பட்ட பணத்தை அரசாங்கம் பறிமுதல் செய்யவில்லை. கட்டாயச் சேமிப்பில் இடும்படி பணித்தது. அதே ஆண்டில் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஒருவருக்கு நெற்காணியாயின் 25 ஏக்கர். பிற காணியாயின் 50 ஏக்கர். 1973இல் வீடுகளுக்கும் உச்சவரம்பு வந்தது.

நோக்கம் இழிவானதா? அல்ல. 1931இல் கராச்சியில் கூடிய இந்தியக் காங்கிரஸ், அரசாங்க ஊழியர் எவருக்கும் சாதாரணமாக மாதம் 500 ரூபாவுக்கு மேல் சம்பளம் இருத்தலாகாது என்று தீர்மானித்தது. 1942இல், யுத்த காலத்தில், அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், வரி போக ஆண்டுக்கு 25,000 டொலருக்கு மேல் எவர் கையிலும் எஞ்சலாகாது என்று காங்கிரஸ் சபையிடம் கேட்டார். முதலாளித்துவத்தின் தலைநாட்டிலேயே எழுந்த எண்ணத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று நாம் நகைத்துவிட முடியாது.

ஆயினும், நல்ல நோக்கம் வேறு. சட்டத்தின் கை எவர் தோளில் விழுகிறது என்பது வேறு. 2000 ரூபா எல்லை எளிதில் பிடித்தது யாரை? சம்பளப் பத்திரத்தில் வருமானம் எழுதப்பட்ட மருத்துவரை, பொறியியலாளரை. கணக்கை மறைக்கத் தெரிந்தவனைப் பிடிப்பது அத்தனை எளிதன்று. படித்தவர்கள் கப்பலேறினார்கள். அதற்கு இச்சட்டம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லேன். ஆனால் 1974இல், நிபுணர்கள் நாட்டை விட்டுப் போவது பற்றி ஆராய அமைச்சரவைக் குழுவே அமர்ந்து அறிக்கை எழுத நேர்ந்தது.

இனி இம்மலைகளைப் பாருங்கள். 1972ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் தனிமனிதரின் காணியைத் தொட்டது. பொதுக் கம்பனிகளின் காணியைத் தொடவில்லை. தேயிலையின் பெரும் பணம் எங்கே இருந்ததோ, அங்கே சட்டம் வாசலில் நின்றுவிட்டது. 1975இல் திருத்தச் சட்டம் வந்த பின்னரே கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறின. மாதம் 2000 ரூபா வாங்கிய மருத்துவருக்கு எல்லை உண்டு. மலை மலையாகக் கட்டியாண்ட கம்பனிக்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு! இது சமத்துவமா?

அக்காலத்தில் கொழுந்து பறித்த பெண்ணுக்குக் கிடைத்தது என்ன? 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பசி தாண்டவமாடியது. லயங்களில் மரணம் நாட்டின் சராசரியைவிட மிகுந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் எம்மவரில் பெரும்பாலோருக்கு வாக்கும் இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அன்று ஏழைக்கு அம்பலத்தில் இடமே இல்லை. 1977 மே மாதத்தில், தோட்டக் காணியைப் பிரித்துப் பிறருக்கு வழங்குவதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் திரண்டவர்கள்மீது பொலிசார் சுட்டனர். சிவனு லெட்சுமணன் உயிர் நீத்தான். ஆண் பெண் இருபாலாருக்கும் சமகூலி என்ற நீதியும் 1984 வரை தோட்டத்துக்கு வரவில்லை.

இவற்றிலிருந்து நான் காணும் பாடம் ஒன்றே. மேலே வெட்டியது கீழே தானாக வந்து விழாது. 1977இல் ஆட்சி மாறியது. உச்சவரம்புக் கொள்கை கைவிடப்பட்டது. அதைக் காக்கத் தொழிலாளி தெருவில் இறங்கவில்லை. ஏன் இறங்குவான்? அதில் அவனுக்கென்று ஒரு சதமும் எழுதப்பட்டிருக்கவில்லையே!

இங்கு வந்துள்ள விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு இவ்வளவு என்று எல்லை கட்டினால் முதலில் அடிபடுகிறவர் நீங்களே. இரண்டு போகம் உருளைக்கிழங்கு அழுகும். மூன்றாம் போகம் விலை பிடிக்கும். அந்த ஒரு நல்ல போகம் பழைய கடனை அடைக்க வந்தது. செல்வமாகச் சேர வந்ததன்று. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்னும்போது, மிஞ்சிய ஓர் ஆண்டை மட்டும் சட்டம் பார்த்தல் அநீதி.

அப்படியானால் எல்லையே வேண்டாமா? வேண்டும். ஆனால் அது ரூபாக் கணக்கில் நாட்டப்பட்ட கல்லாக இருத்தலாகாது; அடியோடு கட்டப்பட்ட கயிறாக இருக்க வேண்டும். ஒரு கம்பனியில் மிக உயர்ந்த ஊதியம், மிகக் குறைந்த ஊதியத்தின் இத்தனை மடங்கு என்று விதிப்போம்.

கணக்கைப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1350 ரூபா என்று நிர்ணயமாயிற்று. அதற்கு முன், மே மாதத்தில், 1700 ரூபா என்று வந்த அறிவித்தலை எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த 1350 ரூபாவையே எடுத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 33,750 ரூபா. இருபது மடங்கு என்று விதித்தால், மேலிருப்பவர் 6,75,000 ரூபா பெறலாம். நாட்கூலி 100 ரூபா உயர்ந்தால் அவருடைய எல்லை மாதம் 50,000 ரூபா உயரும். கூலி உயர்வைத் தடுக்க இன்று வழக்கறிஞரை அமர்த்துகிறவருக்கு, நாளை அதே உயர்வில் சொந்த ஆதாயம் இருக்கும். கட்ட முடியாத கூலியைக் கம்பனியின் தலையில் இது ஏற்றவில்லை. மேலே மட்டும் தனியே ஏறாதே என்றுதான் சொல்கிறது. மருத்துவரும் ஆசிரியரும் அஞ்ச வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையில் நிபுணருக்கும் சிற்றூழியருக்கும் உள்ள வேறுபாடு இருபது மடங்கை நெருங்குவதில்லை.

இது சட்டத்துக்கு அடுக்குமா? நமது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தொழில் செய்யும் சுதந்திரத்தைத் தருகிறது. தேசியப் பொருளாதாரத்தின் நலனுக்காகச் சட்டத்தினால் அதை மட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரை சொல்கிறது. சமுதாயத்தின் வளமும் உற்பத்தியும் நீதியாகப் பங்கிடப்பட வேண்டும் என்பது 27ஆம் உறுப்புரை. அது நீதிமன்றத்தில் நேரே வழக்காட முடியாத உறுப்புரைதான். ஆயினும் சட்டம் இயற்றுவோருக்கு அதுவே வழிகாட்டி. அயல்நாடான இந்தியாவில், கம்பனி இயக்குநர்களின் மொத்த ஊதியத்தை நிகர இலாபத்தின் 11 சதவீதத்துக்குள் நிறுத்தும் விதி 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. இப்போது பங்குதாரரின் தீர்மானத்தோடு அதைத் தாண்டலாம். எனினும் விதி நிற்கிறது. சுவிற்சர்லாந்தில் பன்னிரண்டு மடங்கு என்ற யோசனை 2013இல் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது. அந்நாட்டார் விரும்பவில்லை, அவர்களுடைய அடிநிலை நம் லயத்து நிலையன்று.

ஒரு சூழ்ச்சியை மட்டும் இப்போதே எச்சரிக்கிறேன். குறைந்த கூலிக்காரரைப் பேரேட்டிலிருந்து நீக்கிவிட்டால் மடங்குக் கணக்கு அழகாகத் தெரியும். தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுத்து, 'நீ இனித் தொழிலாளி அல்லன், வெளிவாரி உற்பத்தியாளன்' என்று சொல்லும் முறை ஏற்கெனவே தோட்டங்களில் நுழைந்துவிட்டது. ஆகையால், எந்தப் பெயரில் அழைத்தாலும், அந்தத் தோட்டத்தின் கொழுந்தைப் பறிக்கும் ஒவ்வொரு கையும் கணக்கில் சேர வேண்டும். இந்த வாசகம் இல்லாத சட்டம் ஓட்டைப் பானை.

தோழர்களே! முதற்படியாக நாம் கேட்க வேண்டியது மிகச் சிறிது: ஒவ்வொரு பெருந்தோட்டக் கம்பனியும் தன் உயர்ந்த ஊதியத்தையும் தாழ்ந்த ஊதியத்தையும் ஆண்டறிக்கையில் அருகருகே அச்சிடட்டும். வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும், எக்கட்சியினராயினும், இதற்குச் சம்மதமா என்று கேளுங்கள். அன்று வாக்கில்லாத மக்களின் தலைக்கு மேலே சட்டம் செய்தார்கள். இன்று நம் கையில் வாக்கு இருக்கிறது.